பாலூட்டும் அறையில் குழாய் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் மொட்டைத் தலைகளை எண்ணியே பொழுது போய்விடும். சமயபுரத்தில் முடி இறக்கிவிட்டுத் திரும்பும் குடும்பங்கள். சந்தனம் பூசிய தலையோடு அம்மாவின் தோளில் ஒன்று, காது குத்திய வலி அடங்காமல் பாட்டியின் இடுப்பில் ஒன்று. துறையூருக்கும் முசிறிக்கும் லால்குடிக்கும் நாமக்கல்லுக்கும் போகிறவர்கள். 2021 மே மாதத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு, ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் கைக்குழந்தையோடு ஏறி இறங்குகிற பெண்களை இங்கே நிறையப் பார்க்கிறேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். பேருந்து வருகிற நேரம் பார்த்துக் குழந்தை வெளிக்கு இருந்துவிட்டது. உட்காரும் பலகையில் துண்டை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். மாமியார் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்க, இவள் குழந்தையின் காலைத் தூக்கிக் கழுவிவிட்டாள். மிச்சத் தண்ணீரில் தன் கையை நனைத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். கணவர் இரண்டு பைகளோடு சற்றுத் தள்ளி நின்று பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை பசியில் அழுதது. அவள் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து இட்லியை விண்டு ஊட்டினாள். எல்லாம் சேர்த்து நான்கைந்து நிமிடம். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சுத்தமே தெரியல” என்றார்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் சொல்லாமல் விட்ட பதில். அங்கே நான்கு பேர் இருந்தார்கள்; ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது; சோப்பு இல்லை; பேருந்து கிளம்பப்போகிறது. அத்தனையிலும் அந்த அம்மாவின் கண்ணில் பட்டது அந்தப் பெண்ணின் கை மட்டும். குழந்தைகளைச் சுத்தமாக வைத்திருப்பது பற்றி நாம் பேசுகிற பேச்சு முழுவதும், மருத்துவமனைச் சுவரொட்டி முதல் மாமியார் வாய் வரை, அந்தக் கையிலேயே போய் நிற்கிறது. அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு குழாய் இருந்ததா என்ற கேள்விக்கு அது வருவதே இல்லை.

நானும் அப்படி ஊட்டியவள்தான். என் மகள் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது டெல்டா ஊர் ஒன்றின் பேருந்து நிலையத்தில் பாலூட்டும் அறைக்குள் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கதவு இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, சிமெண்டுத் திண்ணை ஒன்று, மின்விசிறி ஒன்று, சுவரில் தாயும் சேயும் படம். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கை கழுவும் முறையை ஆறு படிகளாக விளக்கும் சுவரொட்டி. உள்ளங்கையோடு உள்ளங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று அழகாக வரைந்திருந்தார்கள். அறையில் குழாய் இல்லை. நான் குழந்தையின் துணியை அந்தத் திண்ணையில் மாற்றினேன், அதே திண்ணையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். ஃபினாயில் வாசனை தூக்கலாக இருந்ததால் சுத்தமான அறை என்று நிம்மதிகூடப் பட்டேன்.

இரண்டு நாள் கழித்து வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் குழந்தை கண் சொருகிக் கிடந்தாள்; உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு இரவு ‘டிரிப்ஸ்’ ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினார்கள். அந்த அறைதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டு மாதக் குழந்தை வாயில் வைக்காத பொருள் உண்டா? எனக்கு மறக்காமல் நிற்பது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “கை கழுவிட்டுத்தான் ஊட்டுவீங்களா?” அடுத்து என் அம்மா கேட்டாள். அடுத்து மாமியார். அடுத்து பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர். என் கணவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும்தான் இட்லி ஊட்டியிருந்தார்.

அந்த அறையை ஒரு பனுவலைப் போல வாசித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். நூலை விமர்சிக்கிறோம், படத்தை விமர்சிக்கிறோம். ஒரு அறையும் யாரோ யாருக்காகவோ எழுதியதுதானே.

2015 ஆகஸ்ட் 3 அன்று, உலகத் தாய்ப்பால் வாரத்தில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தமிழ்நாடெங்கும் 352 பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். அதைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமில்லை. பொது இடத்தில் ஒரு பெண் பால் கொடுக்கும் தேவையை அரசு தன் செலவுக் கணக்கில் ஏற்றியது பெரிய காரியம். அதற்கு முன்பு நாங்கள் தூணுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்தோம், இல்லாவிட்டால் குழந்தையை அழவிட்டோம். ஆனால் நான் உட்கார்ந்த அறைகள் எதை மனதில் வைத்துக் கட்டப்பட்டன என்று பார்த்தால், எல்லாமே மறைப்பதற்கு: சுவர், கதவு, பாதி உயரத்துக்கு மங்கலான கண்ணாடி. மார்பை ஆண் கண்ணிலிருந்து காப்பாற்றியாகிவிட்டது. அங்கே குழந்தை என்ற ஒன்றும் வரும், அதற்கு வயிறும் குடலும் உண்டு, பால் உள்ளே போனால் ஏதோ வெளியே வரும் என்பது அந்த அறையை வரைந்தவருக்கு நினைவில்லை. துணி மாற்ற மேடை இல்லை. மூடி போட்ட குப்பைத் தொட்டி இல்லை. அறை மானத்துக்காகக் கட்டப்பட்டிருக்கிறது, நலத்துக்காக இல்லை. கதவில் ‘தாய்மார்கள்’ என்று எழுதியிருப்பதால், குழந்தையோடு வருகிற அப்பாவுக்கு அங்கே வேலையும் இல்லை, இடமும் இல்லை. பையோடு தள்ளி நிற்பது அவருக்கு எழுதிக் கொடுத்த பாத்திரம்.

இதில் வேடிக்கை, குழாயைப் பற்றி நம் சட்டம் எப்போதோ யோசித்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 48-ஆம் பிரிவு குழந்தைகள் காப்பக அறையைப் பற்றியது. முதலில் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு என்று இருந்தது. 1976 திருத்தத்தில் அது முப்பது ஆனது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறை, போதுமான வெளிச்சம், காற்றோட்டம், சுத்தமான சுகாதாரமான பராமரிப்பு, இவற்றோடு குழந்தைகளின் துணியைத் துவைக்கவும் மாற்றவும் வசதி செய்யச் சொல்லி மாநில அரசு விதி வகுக்கலாம் என்றும் அதில் இருந்தது. சுதந்திரம் வந்த மறு வருடம் ஒரு சட்ட வரைவாளருக்குக் குழந்தை துணியை நனைக்கும் என்பது தெரிந்திருக்கிறது. அதே பிரிவு, அந்த அறை குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற ‘பெண்களின்’ பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. குழாயை நினைவு வைத்திருந்த சட்டமும் கை என்றால் பெண்ணின் கை என்றே எடுத்துக்கொண்டது.

கையைச் சந்தேகிக்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1847-இல் வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவக் காய்ச்சலில் பெண்கள் கொத்துக் கொத்தாகச் சாவதற்குக் காரணம் தேடினார். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மருத்துவர்கள் பார்த்த பிரிவில்தான் சாவு மிக அதிகம். பிணவறையில் உடலை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்கு வந்தவர்கள் அவர்கள். குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. கிருமிக் கோட்பாடு நிலைபெறுவதற்கு முன்பே நடந்த இந்தச் சம்பவத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, குற்றம் யார் கையில் இருந்தது என்பது. படித்த, கௌரவமான, ஆண் கை. அதனால்தான் அவருடைய சக மருத்துவர்கள் அதை ஏற்க அத்தனை அடம் பிடித்தார்கள்.

நம் ஊருக்கு அந்த அறிவு வந்து சேர்ந்தபோது விரல் வேறு பக்கம் நீண்டது. காலனியக் காலத்து மகப்பேறு நலப் பிரச்சாரம் பிரசவச் சாவுகளுக்கு முதல் குற்றவாளியாகக் காட்டியது ஊர் மருத்துவச்சியை. அவள் அழுக்கு, அவள் கத்தி துருப்பிடித்தது, அவள் அறியாதவள். தொப்புள்கொடி வழியாக வருகிற ரணஜன்னி உண்மையான ஆபத்து. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அந்தப் பெண்ணை, பிரசவத்துக்கென்று வீட்டின் இருட்டு மூலையில், கிழிந்த பழந்துணியோடு, தனி ஓலைத் தடுப்புக்குள் வேலை செய்ய வைத்தது யார்? பிள்ளைப் பேறு தீட்டு என்று நினைத்த வீட்டுக்காரர்கள். தீட்டுக்குரிய இடத்தை வீட்டிலேயே மோசமான இடமாக ஒதுக்கிவிட்டு, அங்கே நோய் வந்தால் மருத்துவச்சி கை சரியில்லை என்றார்கள்.

தீட்டு, அழுக்கு, கிருமி மூன்றும் வெவ்வேறு. நம் பேச்சில் மூன்றும் ஒன்றுக்கொன்று உடை மாற்றிக்கொள்ளும். ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பாட்டி மடியாக இருக்கும்போது பேரக்குழந்தை ஓடிவந்தால் கை நீட்டித் தடுப்பாள். உயரக் கொடியில் கோலால் தள்ளி உலர்த்திய ஈரப்புடவை; அதைக் குழந்தை தொட்டால் எல்லாம் முதலிலிருந்து. சுத்தம் என்பதில் அந்தப் பாட்டியைவிடக் கண்டிப்பானவரை நான் பார்த்ததில்லை. ஆனால் பால்குடிக் குழந்தையின் மலத்தை அவள் அழுக்காகவே நினைத்ததில்லை. பால்தானே குடிக்கிறது, அதில் என்ன என்பாள். தண்ணீரில் கையை அலசினால் அவளுக்குப் போதும். மருத்துவம் சொல்வது இதற்கு நேர் எதிர்: சின்னக் குழந்தையின் மலத்தில் நோய்க்கிருமி நிறையவே இருக்கலாம், வெறும் தண்ணீர் அதைப் போக்காது, சோப்பு வேண்டும். மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், அழுக்கு என்று நாம் ஒதுக்குவது பெரும்பாலும் நம் ஒழுங்குக்குள் அடங்காததைத்தான் என்று வாதிட்டார். ஸ்ரீரங்கத்துப் பாட்டிக்கு அது அப்படியே பொருந்தும். பாலூட்டும் அறையை வரைந்த பொறியாளருக்கும் பொருந்தும் என்பது என் கட்சி. அவர் ஒழுங்கைக் குலைப்பதாக நினைத்தது திறந்த மார்பு ஒன்றைத்தான். அதைச் சுவருக்குள் வைத்துவிட்டார். கிருமி அவர் கணக்கில் வரவில்லை.

அந்த அறையைக் கழுவுகிறவரிடம் ஒருநாள் பேச வாய்த்தது. இது வேறொரு ஊர், வேறொரு நிலையம். ஐம்பதை நெருங்கும் வயது. வாளியை ஓரமாக வைத்துவிட்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

“உக்காருங்கக்கா” என்றேன்.

“இருக்கட்டும்மா. நாங்க உக்காந்தா யாராவது போட்டோ புடிச்சுப் போட்டுருவாங்க.”

ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுவீர்கள் என்று கேட்டேன். காலையில் ஒரு தடவை என்றார். கழிப்பறை, நடைமேடை, படிக்கட்டு, அதோடு சேர்த்து இதுவும். “சோப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சா நேரமாவும். ஃபினாயில ஊத்துனாத்தாம்மா கழுவினேன்னே நம்புறாங்க. மேஸ்திரி உள்ள வரமாட்டாரு. வாசல்ல நின்னு மோந்து பாப்பாரு.” கையுறை கொடுத்ததாகச் சொன்னார். இரண்டில் ஒன்று கிழிந்துவிட்டதாம். “ஒத்தக் கையில போட்டுக்கிட்டு என்னம்மா பண்றது?”

அவருடைய குழந்தைகளைச் சின்ன வயதில் எங்கே விட்டுவிட்டு வந்தார் என்று கேட்டேன். பெரிய பெண் பார்த்துக்கொண்டாள் என்றார். பெரிய பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம்? “அது அஞ்சாவதோட நின்னுபோச்சு.”

மோந்து பார்க்கும் மேற்பார்வை. இதைவிடத் துல்லியமாக நம் சுகாதார நிர்வாகத்தை விமர்சிக்க எனக்குத் தெரியாது. நானும் அன்றைக்கு டெல்டா ஊரில் மோந்து பார்த்துத்தானே நிம்மதிப்பட்டேன்.

ஃபினாயில் தரைக்கானது. குழந்தையைக் கிடத்துகிற, அது தவழ்ந்து நக்குகிற இடத்துக்கானது அல்ல. குழந்தைகள் இருக்கும் இடத்தைச் சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்து அழுக்கை எடுக்க வேண்டும். மலமோ பாலோ படிந்த இடத்தில் கிருமிநாசினியை ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடே செலவாகிவிடும். கழுவிய பிறகு நீர்த்த பிளீச்சிங் கரைசல், அதுவும் ஊற்றிய உடனே துடைக்காமல் பத்து நிமிடமாவது ஊற வேண்டும், பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்து ஈரமான மூலையில் வைத்தால் நாளுக்கு நாள் குளோரினை இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். வாசனை மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கழிப்பறை ஆசிட்டோடு கலந்தால் மூச்சை அடைக்கும் வாயு வரும், துடைக்கிறவருக்குத்தான் முதல் ஆபத்து. துணி மாற்றும் மேடைக்கு ஒரு துணி, ஊட்டும் இடத்துக்கு வேறு துணி. இரண்டும் ஒரே இடமாகவே இருக்கக் கூடாது. மலம் பட்ட கைக்குப் பையில் வைத்திருக்கும் சானிடைசர் உதவாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். இதில் எதுவும் விண்வெளி விஞ்ஞானமில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: தண்ணீர், சோப்பு, இரண்டு துணி, ஒரு மேடை, பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடத்துக்குச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள், அதையும் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. தாயின் ஒழுக்கத்திலிருந்து இதில் ஒன்றைக்கூட வரவழைக்க முடியாது.

இவ்வளவு செய்தாலும் குழந்தைக்கு நோயே வராது என்பதும் இல்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும் பங்கு ரோட்டா வைரஸினுடையது. நல்ல குழாயும் நல்ல கழிவறையும் உள்ள பணக்கார நாடுகளிலும் தடுப்பூசி வருவதற்கு முன் அது கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் பிடித்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங்கும் அவருடைய குழுவினரும் நகரத்துக் குடிசைப் பகுதிக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, இங்கே அந்த வைரஸ் மிகச் சின்ன வயதிலேயே தொற்றுகிறது, ஒருமுறை வந்து போனால் கிடைக்கிற பாதுகாப்பும் வேறு நாடுகளில் கண்ட அளவுக்கு இல்லை என்று காட்டினார்கள். 2017-இல் தமிழ்நாட்டில் ரோட்டா தடுப்பு மருந்து அரசுத் தடுப்பூசி அட்டவணையில் சேர்ந்தது. என் மகளுக்கு என்ன கிருமி என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுகளைப் பற்றிப் படித்த இரவில் கொஞ்ச நேரம் அழுதேன். கழுவாத கை ஒரு காரணமாக இருக்கலாம். கழுவிய கையையும் தாண்டி வருகிற கிருமி உண்டு. அந்த இரண்டாவது பாதியை மருத்துவமனையில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. ‘கிருமி இல்லாத வீடு’ என்று தொலைக்காட்சியில் விளம்பரம் வருகிறபோதெல்லாம், பளபளக்கும் தரையில் ஒரு குழந்தை தவழ, பக்கத்தில் சிரித்தபடி ஒரு அம்மா துடைத்துக்கொண்டிருப்பாள். அது எட்டமுடியாத இலக்கு. எட்டமுடியாத இலக்கை வைத்தால் தினமும் ஒருத்தி தோற்றுக்கொண்டே இருக்கலாம், அவளுக்குத் தினமும் ஒரு பாட்டில் விற்கலாம்.

வேறு விதமாகச் செய்ய முடியாதா என்றால், இதே திருச்சியில் செய்திருக்கிறார்கள். கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம் இங்கேதான் இயங்குகிறது. 2000-களின் தொடக்கத்தில் கல்மந்தை போன்ற குடிசைப் பகுதிகளில், பாழடைந்து கிடந்த பொதுக் கழிப்பிடங்களைச் சீர்செய்து அந்தப் பகுதிப் பெண்களின் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். பயன்படுத்துகிறவர்களிடம் சிறு தொகை வாங்கி, கணக்கு எழுதி, அதிலிருந்து சுத்தம் செய்கிறவருக்குச் சம்பளம், சோப்பு, விளக்கு, பழுது எல்லாம் பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது, அங்கே சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிக் கழிப்பிடம் கட்டியது. பெரியவர்களின் இருட்டுக் குழிக்குப் பயந்து குழந்தைகள் சாக்கடை ஓரத்தில் உட்காருவார்கள். அதனால் சிறு பாதம் எட்டுகிற அளவில், ஆழமில்லாமல், வெளிச்சத்தில். பொறியாளர் மறந்த குழந்தையின் வயிற்றை அந்தப் பெண்கள் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கழுவுகிறவருக்குச் சம்பளம் கிடைத்தது. முறைபோட்டு வாசலில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த, கூட்டம் கூட்டிச் சண்டை தீர்த்த பெண்களின் நேரம் பெரும்பாலும் ‘பங்கேற்பு’ என்ற பெயரில் இலவசமாகப் போனது. ஆண்கள் குழுவிடம் கழிப்பிடத்தைக் கொடுத்து, சம்பளமில்லாமல் பாருங்கள் என்று சொல்லியிருப்போமா?

இங்கிருந்து கிழக்கே தஞ்சாவூர் சாலையில் போனால் பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர். சத்துணவு என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது சோறு, முட்டை. அந்தச் சோற்றுக்கு முன்னும் பின்னும் எத்தனை குழந்தைகளின் கையை, வாயை, மூக்கை, பின்புறத்தை யார் கழுவினார்கள் என்பது எந்த விழா மேடையிலும் பேசப்படுவதில்லை. அங்கன்வாடியில் அது உதவியாளரின் வேலை. சமையலும் அவரே, கூட்டுவதும் அவரே, தண்ணீர் பிடிப்பதும் அவரே. சமைக்கிற கையும் கால் கழுவிவிடுகிற கையும் ஒன்றாக இருக்கும்படி பணியிடத்தை வகுத்துவிட்டு, அவர் கையில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிப்பது நல்ல நகைச்சுவை. 1975-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாள் முதல் மத்திய அரசின் ஏட்டில் இவர்கள் பெறுவதற்குப் பெயர் மதிப்பூதியம். இவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. சேவை என்று பெயர் வைத்தால் ஊதியம் குறையும் என்பதை வேறு எந்தப் பாடநூலிலும் தேட வேண்டாம்.

மீனா சுவாமிநாதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் முன்பள்ளிக் குழந்தைகள் பற்றிய மத்திய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர். சின்னக் குழந்தையின் நலம், தாயின் வேலை, மூத்த பெண்பிள்ளையின் படிப்பு மூன்றையும் தனித்தனித் துறைகளிடம் பிரித்துக் கொடுக்க முடியாது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். அந்தத் துப்புரவுப் பணியாளர் என்னிடம் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொன்னது அதே வாதம்தான். அவருடைய குழந்தைக்கு ஒரு காப்பகம் இருந்திருந்தால் பெரியவள் ஆறாவது போயிருப்பாள்.

மறுபடி சத்திரத்துக்கு வருகிறேன். பழைய நிலையத்தை இடித்து, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டி 2021 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். பக்கத்தில் பெண்கள் கல்லூரி, மலைக்கோட்டை கண்ணுக்கு எதிரே. பேருந்து நிலையங்களை இடித்துக் கட்டுகிற காலம் இது; ஒவ்வொன்றிலும் ஒரு அறைக்கு இந்தப் பெயர்ப்பலகை வரும். எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். அடுத்த முறை எந்த ஊர் நிலையத்தில் இறங்கினாலும் அந்த அறைக்குள் போய், படத்தை விட்டுவிட்டு, ஐந்து கேள்விக்குப் பதில் எழுதி வாருங்கள்: குழாய் எங்கே, அதில் தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, துணி மாற்றும் இடம் ஊட்டும் இடத்திலிருந்து தனியாக இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது கழுவினார்கள். ஒருத்தி ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தாள்: கழுவியவர் அங்கே உட்கார்ந்தாரா?

அன்றைக்கு அந்தப் பெண்ணைக் குறை சொன்ன அம்மாவும் நானும் ஒரே ஸ்ரீரங்கம் பேருந்தில்தான் ஏறினோம். காவிரிப் பாலம் ஏறும்போது அவர் தன் பையிலிருந்து கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து முந்தானையில் துடைத்துப் பாதியை எனக்கு நீட்டினார். வாங்கிச் சாப்பிட்டேன். “உங்க பிள்ளைங்களை எல்லாம் எப்படிம்மா வளர்த்தீங்க?” என்று கேட்டேன். ஐந்து பிள்ளைகள் என்றார். கொஞ்சம் பொறுத்து, “ரெண்டு தங்கல” என்றார். “வயித்தால போயித்தான். எங்க மாமியார் என்னையத்தான் சொன்னாங்க.”

அம்மா மண்டபம் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.